பதினொரு ‘நிராகரித்தான்’: ஆங்கிலத்தின் மறுப்புச் சொற்களையும் இகழ்ச்சிச் சொற்களையும் எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலச் சிறுகதைகள் சிலவற்றைத் தமிழாக்கும் பணியில் கடந்த எட்டு மாதங்களாக ஈடுபட்டிருக்கிறேன். சென்ற வாரம் என் கைப்பிரதியைப் படித்துத் திருத்துபவர் நான்கு பக்கங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த நான்கு பக்கங்களில் ‘நிராகரித்தான்’, ‘நிராகரித்தாள்’, ‘நிராகரிப்பு’ என்று வந்த 11 இடங்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, ஓரத்தில், “பதினொரு பேரும் ஒரே காரியத்தையா செய்கிறார்கள்?” என்று எழுதியிருந்தார்.

மூலத்தை எடுத்து வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே ரிஜெக்ட், ரெஃப்யூஸ், டிக்ளைன், ஸ்பர்ன், ரிபஃப், ஸ்னப், ரெப்யூடியேட், டிஸ்டெய்ன் என எட்டு வெவ்வேறு சொற்கள் இருந்தன. அகராதியைப் புரட்டினால் ஒவ்வொன்றுக்கும் நேராக ‘நிராகரி, மறு, புறக்கணி, இகழ்’ என்ற அதே நான்கு சொற்கள்தாம் வரிசை மாறி நிற்கின்றன. பொருள் தெரிகிறது, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று எந்த இடத்தில் விலகுகிறது என்பது அகராதியிலிருந்து தெரியவில்லை.

குறிப்பாக ஓர் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த மகள், கூடத்தில் அமர்ந்திருக்கும் தந்தையிடம், “அப்பா, நான் உள்ளே வரலாமா?” என்று கேட்கிறாள். அடுத்த வரி: ‘ஹி டிஸ்டெய்ன்ட் டு ஆன்ஸர்’. நான் ‘அவர் பதில் சொல்ல மறுத்தார்’ என்று எழுதிவிட்டேன். தவறு என்று உள்ளூரத் தெரிகிறது. சரியானது எது என்று தெரியவில்லை.

இச்சொற்களை எந்த அடிப்படையில் பிரித்துப் புரிந்துகொள்வது, தமிழில் எவற்றைக் கொண்டு ஈடுசெய்வது என்று, இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1

அம்மா, வணக்கம். மேல்நிலைப் பள்ளியில் 34 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியைப் படித்தபோது என் வகுப்பறைக்கே திரும்பிப் போய்விட்டதுபோல் இருந்தது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இச்சொற்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, செய்கையைச் சொல்வது. மற்றது, மனத்தில் இருக்கும் எண்ணத்தைச் சொல்வது. நரியும் திராட்சையும் கதை நம் எல்லோருக்கும் தெரியும். ‘சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்’ என்று சொல்லிவிட்டுப் போன நரி, திராட்சையை ரிஜெக்ட் செய்ததா? இல்லை. யாராவது ஒன்றைக் கொடுத்தால்தான், அல்லது ஒன்று கைக்கு எட்டினால்தான், அதை வேண்டாம் என்று சொல்ல முடியும். நரிக்கு யாரும் திராட்சையைக் கொடுக்கவுமில்லை, அது கைக்கு எட்டவுமில்லை. நரி செய்தது ஸ்கார்ன். ஸ்கார்ன், டிஸ்டெய்ன், டிஸ்பைஸ், கன்டெம்ப்ட் ஆகியவற்றுக்கு எதிரே ஒரு கொடை தேவையில்லை. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஊரார் அனைவரையும் இகழ்ந்துகொண்டிருக்க முடியும். ரெஃப்யூஸ், டிக்ளைன், ரிஜெக்ட், ரிபஃப் ஆகியவற்றுக்கு எதிரே ஏதாவது ஒன்று நீட்டப்பட்டிருக்க வேண்டும்: ஒரு பொருள், ஓர் அழைப்பு, ஒரு கோரிக்கை, ஒரு கை. இரண்டு கூட்டத்திலும் காலூன்றி நிற்பது ஸ்பர்ன் ஒன்றுதான். நீட்டியதை இகழ்ச்சியோடு தள்ளுவது அது.

செய்கைச் சொற்களை வேறுபடுத்திக் காட்ட வகுப்பில் நான் எப்போதும் கல்யாணப் பந்தியைத்தான் சொல்வேன். பரிமாறுபவர் இரண்டாம் முறையாகப் பாயசம் கொண்டுவருகிறார். இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டி, சிரித்த முகத்தோடு, “போதுங்க, வயிறு நிறைஞ்சிடுச்சு” என்று சொல்வது டிக்ளைன். சர்க்கரை நோய் உள்ளவர், வாளி பக்கத்தில் வரும்போதே, “எனக்கு வைக்கவே வேண்டாம்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவது ரெஃப்யூஸ். இலையில் வைத்த வடையைப் பிட்டு முகர்ந்து பார்த்து, ஊசிப்போயிருக்கிறது என்று ஓரத்தில் ஒதுக்கிவிடுவது ரிஜெக்ட். பரிமாற வந்தவர் யார் என்று நிமிர்ந்து பார்த்து, ‘உன் கையால் வாங்கியா நான் சாப்பிட வேண்டும்’ என்பதைச் சொல்லாமல் சொல்லி, இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போவது ஸ்பர்ன். நான்கு பேரும் சாப்பிடவில்லை என்பது மட்டுமே பொது. நான்கு செய்கைகளும் வேறு, பரிமாறியவருடைய நெஞ்சில் அவை தைக்கும் ஆழமும் வேறு.

இதிலிருந்தே இன்னொரு வேறுபாடும் விளங்கும். ரெஃப்யூஸ் என்பது பெறுவதற்கு முன்பே நிகழ்வது. ரிஜெக்ட் என்பது பெற்றோ பார்த்தோ சோதித்தோ எடை போட்ட பிறகு நிகழ்வது. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் ‘ரிஜெக்ட்’ செய்கிறது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். உறுப்பு உள்ளே வந்து, இது நம்முடையதன்று என்று உடல் கண்டுகொண்ட பிறகு நிகழ்வது அது. 1954இல் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே தலைமையில் நடந்த சிறுநீரக மாற்று அறுவை வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவில் பிறந்த இரட்டையர் என்பதால் உடல் அந்த உறுப்பை அயலாகக் கருதவில்லை என்பதே.

டிக்ளைன் என்ற சொல்லில் பணிவு மட்டுமல்ல, மரியாதையும் இருக்கிறது. அதனால்தான் விருதுகளோடு அச்சொல் சேர்ந்து வரும். 1964இல் ழான் பால் சார்த்தரும் 1973இல் லெ டக் தோவும் நோபல் பரிசை டிக்ளைன் செய்தார்கள் என்றே எழுதுவது வழக்கம். 1958இல் போரிஸ் பாஸ்தர்நாக் முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு தம் நாட்டு அரசின் நெருக்குதலால் டிக்ளைன் செய்ய நேர்ந்தது. ரவீந்திரநாத் தாகூர் செய்தது இவற்றில் எதுவுமன்று. 1915இல் பெற்றுக்கொண்ட ‘சர்’ பட்டத்தை ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு, 1919இல், அவர் துறந்தார். ஏற்றுக்கொண்டு வைத்திருந்ததைத் துறப்பது ரினௌன்ஸ். வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தில் அவர் அச்சொல்லைக்கூடப் பயன்படுத்தாமல், அந்தப் பட்டத்திலிருந்து தம்மை விடுவிக்குமாறு கேட்டார். பட்டத்தைச் சுமையாக்கிவிட்ட அந்த ஒரு சொல்லை நான் மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டதே இல்லை.

இலக்கணத்தில் நம்மவர்கள் மிகுதியாகத் தவறுவது ஓர் இடத்தில்தான். ‘ஹி ரிஜெக்டட் டு கம்’, ‘ஹி டினைட் டு கம்’ ஆகிய இரண்டும் பிழை. ‘ஹி ரெஃப்யூஸ்ட் டு கம்’ என்பதே சரி. ‘டிக்ளைன்ட் டு கம்’ என்றும் சொல்லலாம். தமிழில் ‘வர மறுத்தான்’, ‘குற்றச்சாட்டை மறுத்தான்’, ‘அனுமதி மறுத்தார்கள்’ என்று மூன்றையும் ‘மறு’ என்ற ஒரே வினை தாங்கிக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். ஆங்கிலத்தில் குற்றச்சாட்டை மறுப்பதும் உரிமையை மறுப்பதும் டினை. செயலைச் செய்ய மறுப்பது ரெஃப்யூஸ். அஃறிணைக்கும் ரெஃப்யூஸ் வரும். ‘தி கார் ரெஃப்யூஸ்ட் டு ஸ்டார்ட்’ என்பதற்கு ‘வண்டி கிளம்ப மாட்டேன் என்கிறது’ என்று நாம் சொல்வதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது. இதே எழுத்துக்கூட்டலில் முதல் அசையை அழுத்தி உச்சரித்தால் அது பெயர்ச்சொல்லாகிக் குப்பையைக் குறிக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ‘கழி’ என்ற வினையிலிருந்து ‘கழிவு’ வருவதுபோல.

இனி நான் சொல்ல விரும்பிய முக்கியமான கருத்துக்கு வருகிறேன். இச்சொற்களின் வேரைத் தோண்டினால், பெரும்பாலானவற்றின் அடியில் உடம்பின் ஓர் அசைவு இருக்கிறது. ரிஜெக்ட் என்பது இலத்தீனில் ‘திருப்பி எறி’. அது கையின் வேலை. ஸ்பர்ன் என்பது பழைய ஆங்கிலத்தில் ‘காலால் உதை’. குதிரையோட்டியின் குதிமுள்ளைக் குறிக்கும் ஸ்பர் என்ற சொல்லும் அதற்கு உறவு. டிஸ்பைஸ் என்பது ‘கீழ்நோக்கிப் பார்’. அது கண்ணின் வேலை. டிக்ளைன் என்பது ‘அப்பால் சாய்’. ரிபஃப் என்பது இத்தாலிய மொழி வழியே வந்தது. அதன் அடியில் ஊதித் தள்ளும் மூச்சு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், கடன் கேட்டு வந்த அன்டோனியோவிடம் ஷைலக், ‘வாசலில் வந்த தெருநாயை எட்டி உதைப்பதுபோல் என்னை உதைத்தாயே’ என்று கேட்கும் இடத்தில், ஸ்பர்ன் என்ற சொல்லுக்கு அந்தப் பழைய உதை அப்படியே உயிரோடு இருக்கிறது.

‘நிராகரி’ என்பது அலுவலகச் சொல். அதற்குக் கையும் காலும் கண்ணும் கிடையாது. ஆனால் தமிழில் தள்ளு, உதறு, ஒதுக்கு, எட்டி உதை, தட்டிவிடு, ஏறெடுத்தும் பாராதே, முகங்கொடுக்காதே, முகத்தில் அடித்தாற்போல் பேசு என்று உடம்போடு கூடிய வினைகள் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் 11 வட்டங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ‘இந்த இடத்தில் அசைவது எந்த உறுப்பு?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் தாமாகவே விடை சொல்லிவிடும்.


மறுமொழி 2

ஆசிரியர் ஐயா, ரிஜெக்ட் பற்றி நீங்கள் சொன்னது எங்கள் தொழிலுக்கு அப்படியே பொருந்துகிறது. நான் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன்.

செக்கிங் மேசையில் டியூப் லைட்டுக்கு நேர்கீழே பனியனை விரித்து, தோள்பட்டையிலிருந்து தொடங்கி, தையலையெல்லாம் விரலால் இழுத்துப் பார்ப்போம். பிழை இருக்கும் இடத்தில் அம்புக்குறி வடிவத்திலான சிறிய ஸ்டிக்கரை ஒட்டுவோம். தையல் விட்டிருந்தால் அது ஆல்டர். திரும்பத் தைத்துச் சரிசெய்துவிடலாம். துணியிலேயே ஓட்டை என்றால் ரிஜெக்ட். சோதிக்காத பீஸை ரிஜெக்ட் என்று யாரும் சொல்ல மாட்டோம். அது வெறுமனே செக் பண்ணாத பீஸ்தான். அதேபோல், பையர் ஓர் ஆர்டரைக் கொடுக்க வரும்போது, எங்களால் இந்த விலைக்கு முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டால் அதை ஒருவரும் ரிஜெக்ட் என்று சொல்வதில்லை. ‘ஆர்டரை எடுக்கவில்லை’ என்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ரிஜெக்ட் என்பதில் வெறுப்போ இகழ்ச்சியோ சிறிதும் இல்லை. ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிய பனியன் செகண்ட்ஸ் கடைக்குப் போகிறது. அதை வாங்கி உடுத்துபவர் மகிழ்ச்சியோடுதான் உடுத்துகிறார். ஆகவே கதையில் ரிஜெக்ட் என்று வரும் இடத்தில் ‘கழித்துவிட்டார்கள்’ என்ற சொல் பொருந்துமா என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்கிறோம்.


மறுமொழி 3

உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், உங்கள் பட்டியலில் உள்ள ரெப்யூடியேட் பற்றியும் ஆசிரியர் குறிப்பிட்ட கன்டெம்ப்ட் பற்றியும் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். இவ்விரண்டும் நீதிமன்றத்துக்குள் வரும்போது மாறிவிடுகின்றன. அந்த மாற்றம் தெரியாமல் மொழிபெயர்த்தால் பொருள் கெட்டுவிடும்.

ரெப்யூடியேட் என்றால், ‘இந்தக் கடமை என்னைக் கட்டுப்படுத்தாது’ என்று அறிவித்து விலகிக்கொள்வது. ஒப்பந்தம் செய்துகொண்ட ஒருவர், அதை முழுமையாக நிறைவேற்ற மறுத்துவிட்டால், மற்றவர் ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவரலாம் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 39ஆவது பிரிவில் சொல்கிறது. அந்த மறுப்பைத்தான் வழக்குமொழியில் ரெப்யூடியேஷன் என்கிறோம். ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு, 1918இல், சோவியத் அரசு ஜார் மன்னர் காலத்துக் கடன்களைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்ததற்கும் இதே சொல்தான். காப்பீட்டுத் துறையிலும் இது அன்றாடச் சொல். கணவர் இறந்து, பாலிசிப் பத்திரத்தோடு விண்ணப்பித்த ஒரு பெண்மணி, நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தை என் மேசையில் வைத்து, “கைவிரிச்சுட்டாங்க சார்” என்றார். கடிதத்தில் இருந்தது ரெப்யூடியேட். அதற்கு அந்தப் பெண்மணி சொன்னதைவிடச் சரியான மொழிபெயர்ப்பை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தத்தை மூன்று ஆண்டுகள் கடந்த பிறகு எந்தக் காரணத்தைக் காட்டியும் கேள்விக்குள்ளாக்க முடியாது என்று 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவுதான் அவருக்குத் துணைநின்றது. உங்கள் கதையில் தந்தை மகனை ரெப்யூடியேட் செய்வதாக வந்தால் ‘என் மகனே இல்லை என்று கைகழுவிவிட்டார்’ என்று எழுதலாம்.

கன்டெம்ப்ட் என்பது தெருவில் ஓர் உணர்ச்சி. நீதிமன்றத்தில் அது ஒரு குற்றம். 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அதை உரிமையியல் அவமதிப்பு, குற்றவியல் அவமதிப்பு என்று இரண்டாகப் பிரிக்கிறது. முதலாவது, தீர்ப்பையோ ஆணையையோ வேண்டுமென்றே மீறுவது. நீதிபதிமேல் அளவற்ற மரியாதை வைத்திருக்கும் ஓர் அதிகாரிகூட, ஆணையைத் தெரிந்தே நிறைவேற்றாமல் கோப்பை மேசையில் வைத்திருந்தால் அந்தக் குற்றத்துக்கு ஆளாகலாம். ஆறு மாதம்வரை வெறுங்காவலும் 2,000 ரூபாய்வரை அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அங்கே மனத்தின் இகழ்ச்சியைவிட ஆணையைப் பொருட்படுத்தாத செயல்தான் முதன்மை.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வினோதமன்று. திருக்குறளில் 151ஆம் குறளில் ‘இகழ்வார்ப் பொறுத்தல் தலை’ என்னும்போது இகழ்தல் என்பது அவமதித்தல். ஆனால் 539ஆம் குறளில், பொச்சாவாமை அதிகாரத்தில், ‘இகழ்ச்சியின் கெட்டாரை உள்ளுக’ என்னும்போது, அதே இகழ்ச்சி, கடமையை மறந்து பொருட்படுத்தாமல் இருப்பதைக் குறிக்கிறது. அவமதிப்பும் அசட்டையும் ஒரே சொல்லுக்குள் இருக்க முடியும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். ‘ஃபெமிலியாரிட்டி ப்ரீட்ஸ் கன்டெம்ப்ட்’ என்பதற்கு ‘பழகப் பழகப் பாலும் புளிக்கும்’ என்று நாம் சொல்லும்போதும், பகையைவிட, மதிக்கத் தோன்றாத இளக்காரத்தைத்தான் சொல்கிறோம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. மனு டிஸ்மிஸ் ஆனால் ‘தள்ளுபடி’ என்று எழுதுகிறோம். கடனை அரசு நீக்கினாலும் ‘தள்ளுபடி’. துணிக்கடையில் விலை குறைத்தாலும் ‘தள்ளுபடி’. இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள்.


மறுமொழி 4

பழைய தமிழ் வேதாகமத்தைச் சிறு வயது முதல் வாசித்து வருபவள் நான். உங்கள் கேள்விக்கான விடைகளில் பலவற்றை நமக்கு முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் தேடிக் கண்டிருக்கிறார்கள் என்பதைக் காட்டவே எழுதுகிறேன்.

வீடு கட்டுகிறவர்கள் தள்ளிய கல் மூலைக்கல்லாயிற்று என்ற வசனம் சங்கீதம் 118இலும் மத்தேயு 21இலும் வருகிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் சங்கீதத்தில் ரெஃப்யூஸ் என்றும், மத்தேயுவில் ரிஜெக்ட் என்றும் இருக்கிறது. ஆசிரியர் ஐயா வகுத்துக் காட்டிய வேறுபாடு, நானூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வளவு கறாராக இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தமிழில் ‘ஆகாதென்று தள்ளின கல்’ என்றிருக்கிறது. ‘ஆகாது’ என்பதில் சோதித்துப் பார்த்த முடிவு. ‘தள்ளின’ என்பதில் கையின் அசைவு. இரண்டு சொற்களில் முழுக் காட்சியும் வந்துவிட்டது.

ஏசாயா 53இல் ‘டிஸ்பைஸ்ட் அண்ட் ரிஜெக்டட்’ என்று வரும் இடம் ‘அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும்’ என்றாகியிருக்கிறது. புறக்கணித்தல் என்பது ஒருவரைப் புறத்தே வைத்துக் கணிப்பது. ஆளுக்கு அது பொருந்துகிறது, கல்லுக்குப் பொருந்தாது. அதனால்தான் ஒரே ரிஜெக்ட் கல்லுக்கு ஒரு சொல்லும் மனிதருக்கு வேறொரு சொல்லும் பெற்றது. பேதுரு இயேசுவை அறியேன் என்று சொன்னதற்கு ‘மறுதலித்தான்’. மனைவியை விலக்கும் பத்திரத்துக்குத் ‘தள்ளுதற்சீட்டு’. வழக்கறிஞர் ஐயா சொன்ன ரெப்யூடியேட்டின் இலத்தீன் மூலமும் திருமண உறவை முறித்து மனைவியை விலக்குவதைக் குறித்ததுதான்.

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. ஸ்கார்ன் என்பதற்கு எதிரே ஒன்று நீட்டப்பட வேண்டியதில்லை என்றார்கள். பெயர்ச்சொல்லுக்கு அது சரி. வினையாக வரும்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. அத்தகைய பெண்ணின் சினத்துக்கு ஈடான சினம் நரகத்திலும் இல்லை என்று சொல்லும் ‘எ வுமன் ஸ்கார்ன்ட்’ என்ற தொடர் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. ஷேக்ஸ்பியர் சொன்னதென்று பலரும் எண்ணுகிறார்கள், ஆனால் அது 1697இல் வந்த வில்லியம் காங்கிரீவின் நாடகம் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே அந்தப் பெண் தன் அன்பை நீட்டியிருக்கிறாள், அது தள்ளப்பட்டிருக்கிறது. அவள் சினத்துக்குக் காரணம் அதுதான். அந்த இடத்தில் ‘இகழப்பட்ட பெண்’ என்று எழுதினால் அவள் ஏன் எரிகிறாள் என்பது விளங்காது. ‘உதறப்பட்ட பெண்’ என்றால் விளங்கும்.


மறுமொழி 5

ஊர் கூடி ஒருவரை விலக்கும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் அவையும் எதிர்ப்படும். ஷன் என்பது ஒதுங்கிப் போவது, எதிரே வந்தால் பாதை மாறுவது. ஆஸ்ட்ரசைஸ் என்பது பழைய ஏதென்ஸ் நகரிலிருந்து வந்தது. அங்கே மக்கள் வேண்டாதவர் பெயரைப் பானை ஓட்டுத் துண்டில் கீறிப் போடுவார்கள். அப்படி விலக்கப்பட்டவர் பத்து ஆண்டுகள் நகரைவிட்டு வெளியேற வேண்டும். அந்த ஓட்டுத் துண்டின் கிரேக்கப் பெயர்தான் சொல்லாயிற்று. நம் ‘ஊர்விலக்கு’ அதற்கு மிக நெருங்கியது.

பாய்காட் என்பது ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்துவந்த கேப்டன் சார்லஸ் பாய்காட்டுக்கு, 1880இல், குத்தகைத் தகராற்றின்போது ஊரார் யாரும் வேலை செய்யவில்லை, கடைக்காரர் பொருள் விற்கவில்லை. அவருடைய பயிரை அறுக்க வெளியிலிருந்து ஏறத்தாழ 50 பேர் ராணுவக் காவலோடு வர வேண்டியதாயிற்று. அந்தப் பெயர் அப்போதே வினைச்சொல்லாகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பாய்காட் என்பது பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. ஸ்னப் அதற்கு நேர்மாறானது. தம்மை மேலாக நினைப்பவர், தாம் கீழாக நினைக்கும் ஒருவர் வணக்கம் சொல்லும்போது காணாததுபோல் போவது. இரண்டையும் ‘புறக்கணித்தார்’ என்று எழுதினால் யார் மேலே, யார் கீழே என்பது அழிந்துவிடும்.


கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு 11 வட்டங்களையும் எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கலைக்கூடத்தார் ஓவியத்தை ரிஜெக்ட் செய்யும் இடத்தைத் திருப்பூர் நண்பர் சொன்னபடி ‘கழித்துவிட்டார்கள்’ என்று மாற்றினேன். விருந்தில் பழைய நண்பரை ஸ்னப் செய்யும் இடம் ‘கும்பிட்ட கையைக் காணாதவர்போல் அடுத்தவரிடம் திரும்பிக்கொண்டார்’ என்றாயிற்று. ஆங்கிலத்தில் நான்கு சொல், தமிழில் நீண்டுவிட்டது, ஆனாலும் அந்தக் கை அங்கே தனியாக நிற்பது எனக்குத் தெரிகிறது. உதவி செய்ய வந்த மைத்துனனை விதவை ஸ்பர்ன் செய்யும் இடத்தில் ‘அவன் நீட்டிய ரூபாய் நோட்டுகளைத் தட்டிவிட்டாள்’ என்று முதலில் எழுதினேன். மூலத்தில் நோட்டு இல்லை, உதவி என்று மட்டுமே இருக்கிறது என்பதால், ‘அவன் உதவியை உதறித் தள்ளினாள்’ என்று திருத்தினேன். இரண்டு இடங்களில் ‘நிராகரித்தது’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன். ஒன்று வங்கி, மற்றொன்று தேர்வுக் குழு. அங்கே அலுவலகச் சொல்தான் பொருத்தம்.

தந்தையின் இடம் மட்டும் இன்னும் தீரவில்லை. ‘ஏறெடுத்தும் பார்க்கவில்லை’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் கதையில் அவர் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த பத்தியில் அவர் கண்கள் அவள் காலிலிருக்கும் கிழிந்த செருப்பைக் கவனிக்கின்றன. ‘அலட்சியமாக இருந்தார்’ என்றால் அவருக்கு அக்கறையே இல்லை என்றாகிவிடுகிறது. அவருக்கு அக்கறை இருக்கிறது என்பதுதான் கதை.


மறுமொழி 1இன் ஆசிரியர்

அம்மா, முதலில் மறுமொழி 4 எழுதிய அம்மையாருக்கு: ஸ்கார்ன் பற்றி நீங்கள் திருத்தியது சரி. நான் நரியோடு நின்றுவிட்டேன்.

தந்தையின் இடத்துக்கு வருகிறேன். டிஸ்டெய்ன் என்ற சொல்லின் வேரில் உறுப்பு எதுவும் அசைவதில்லை. அதனால்தான் நான் சொன்ன வழி உங்களுக்கு அங்கே உதவவில்லை. அந்தச் சொல் இலத்தீனில் ‘தகுதி’ என்று பொருள்படும் அடியிலிருந்து வருகிறது. தகாது என்று கருதுவதே அதன் உட்பொருள். டிக்னிட்டி என்ற சொல்லும் அதே அடியில் பிறந்ததுதான். ஆகவே ‘டிஸ்டெய்ன்ட் டு ஆன்ஸர்’ என்றால், பதில் சொல்வது தம் நிலைக்குத் தகாது என்று எண்ணி வாயை மூடிக்கொண்டார் என்று பொருள். ரெஃப்யூஸ் என்று இருந்தால் கேட்டவளை மறுத்தார் என்றாகும். டிஸ்டெய்ன் என்பதில் அவர் முதலில் காப்பாற்ற நினைப்பது தம்முடைய கௌரவத்தை.

தமிழில் இதற்கு ‘இழுக்கு’ என்ற சொல் இருக்கிறது. ‘அவளுக்குப் பதில் சொல்வதே தமக்கு இழுக்கு என்பதுபோல் இருந்தார்’ என்று எழுதிப் பாருங்கள். ‘என்பதுபோல்’ என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது வேறு என்பதற்கு அது சிறிது இடம் விடும். கிழிந்த செருப்பைப் பார்க்கும் வரியை அதற்கு அடுத்தே வையுங்கள், நடுவில் வேறு வாக்கியம் வேண்டாம்.


கேள்வி கேட்டவர்

ஐயா, அந்த வரியை எழுதிவிட்டேன். ‘தமக்கு’ என்பதை மட்டும் எடுத்துவிட்டேன். ‘அவளுக்குப் பதில் சொல்வதே இழுக்கு என்பதுபோல் இருந்தார். அவள் செருப்பின் இடது வார் அறுந்து, ஊக்கு குத்தப்பட்டிருந்தது.’ இன்று காலை திருத்துநருக்கு அனுப்பியிருக்கிறேன்.